தோலில் வரும் ரத்தக்குழாய்க் கட்டிகள்: எது தானாகப் போகும், எதை உடனே காட்ட வேண்டும்

தோலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ ஒரு புள்ளியோ புடைப்போ தெரிந்தால் நம் கண் முதலில் போவது நிறத்தின் மேல். ஆனால் நிறத்தை வைத்து அதிகம் சொல்லிவிட முடியாது. குழந்தையின் கன்னத்தில் இருக்கும் செந்திட்டும் அறுபது வயதுக்காரரின் மார்பில் இருக்கும் செம்புள்ளியும் ஒரே சிவப்பாக இருக்கலாம். முதலாவது நான்கு வாரத்தில் இரண்டு மடங்காகலாம், இரண்டாவது இருபது வருடம் அப்படியே கிடக்கும். எப்போது வந்தது, எவ்வளவு வேகமாக வளர்கிறது, அழுத்தினால் என்ன ஆகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால், பெயர் தெரியாமலேயே அவசரமா இல்லையா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பெயர்களில் இருக்கும் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். 1982-ல் மல்லிக்கன், குளோவாக்கி என்ற இரு ஆய்வாளர்கள் இவற்றை இரண்டாகப் பிரித்தார்கள். ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் பெருகி வளர்வது ஒரு வகை, அதுதான் உண்மையான கட்டி. கருவிலேயே குழாய்கள் பிசகாக உருவாகி, செல் பெருக்கம் இல்லாமல் அப்படியே இருப்பது இன்னொரு வகை, அது அமைப்புக் குறை. கட்டி வளரும், சில சமயம் சுருங்கும். அமைப்புக் குறை பிறவியிலேயே இருக்கும், குழந்தை வளரும் அளவுக்குத் தானும் வளரும், தானாக மறையாது. இன்றைய மருத்துவ வகைப்பாடும் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது. ஆனாலும் ஸ்கேன் அறிக்கைகளில் இரண்டுக்கும் 'ஹெமாஞ்சியோமா' (ரத்தக்குழாய்க் கட்டி) என்றே எழுதும் பழக்கம் போகவில்லை. 'கேவர்னஸ் ஹெமாஞ்சியோமா' என்று தோல், தசைப் பகுதிக்கு எழுதியிருந்தால், பல நேரங்களில் அது சிரைகளின் அமைப்புக் குறையாகத்தான் இருக்கும். அறிக்கையில் இந்தச் சொல் வந்தால், "இது வளரும் கட்டியா, பிறவி அமைப்புக் குறையா?" என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சிகிச்சை முழுக்க அந்த விடையைப் பொறுத்தது.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் சிவப்பும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும். மாநிறத் தோலிலும் கருமையான தோலிலும் இந்தச் சிவப்பு செம்பழுப்பாகவோ நீலம் கலந்த கருமையாகவோ தெரியலாம். பக்கத்தில் உள்ள தோலோடும், உடலின் மறுபுறம் அதே இடத்தோடும் ஒப்பிட்டால் வித்தியாசம் புலப்படும்.

அடுத்து கண்ணாடிச் சோதனை. சுத்தமான, நிறமற்ற கண்ணாடித் தம்ளரின் பக்கத்தை மெதுவாக 3 முதல் 5 விநாடி அழுத்தி, கண்ணாடி வழியாகவே பாருங்கள். நிறம் முழுக்க வெளுத்து, எடுத்ததும் திரும்பி வந்தால், ரத்தம் விரிந்த குழாய்களுக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். கொஞ்சம் மட்டும் வெளுத்தால், குழாய்கள் நெருக்கமாகவும் தடிமனாகவும் இருக்கின்றன. குழந்தைகளின் ஹெமாஞ்சியோமாவும், பெரியவர்களுக்குச் செம்பொட்டாக வரும் செர்ரி ஆஞ்சியோமாவும் பெரும்பாலும் இப்படித்தான். துளியும் வெளுக்காவிட்டால், ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிந்திருக்கலாம், உள்ளே உறைந்திருக்கலாம், அல்லது அது ரத்தமே இல்லாமல் மச்சத்தின் நிறமியாக இருக்கலாம். அடிபட்ட ரத்தக்கட்டு என்றால் ஓரிரு வாரத்தில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறையும். கட்டி அப்படி மாறாது. புண்ணான இடத்தையும் ரத்தம் கசியும் இடத்தையும் அழுத்திப் பார்க்க வேண்டாம். காய்ச்சலோடு, அழுத்தியும் மறையாத ஊதாப் புள்ளிகள் உடலில் பரவினால் சோதனையெல்லாம் தேவையில்லை, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மூன்றாவதாக அளவும் படமும். மில்லிமீட்டர் கோடிட்ட அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து படம் எடுங்கள். ஒரு படம் நேராக, இன்னொன்று பக்கவாட்டில். பக்கவாட்டுப் படம் இல்லாவிட்டால் எவ்வளவு புடைத்திருக்கிறது என்பது பிறகு யாருக்கும் தெரியாது. பச்சிளம் குழந்தை என்றால் முதல் மூன்று மாதம் வாரம் ஒரு படம், பெரியவர்களுக்கு மாதம் ஒன்று போதும். அழும் குழந்தையைப் படம் எடுக்காதீர்கள். அழும்போது ரத்தம் ஏறி, கட்டி உள்ளதைவிடப் பெரிதாகவும் கருஞ்சிவப்பாகவும் தெரியும்.

குழந்தைகளின் ஹெமாஞ்சியோமா

நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருவது. பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், எடை குறைந்து பிறந்தவர்களுக்கும் அதிகம். கர்ப்பத்தில் தாய் எதைப் பார்த்தார், எதைச் சாப்பிட்டார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிறந்த அன்று பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் வெளிறிய ஒரு திட்டு, அல்லது நகக் கீறல் போன்ற மெல்லிய செங்கோடுகள், அவ்வளவுதான். பிரசவத்தில் ஏற்பட்ட சிராய்ப்பு என்று விட்டுவிடுவார்கள். அடுத்த சில வாரங்களில் அது நிறம் ஏறிப் புடைக்கும். 5-வது வாரத்துக்கும் 8-வது வாரத்துக்கும் இடையில்தான் வளர்ச்சி மிக வேகம். தோலின் மேற்பரப்பில் இருக்கும் கட்டி மூன்று மாதத்துக்குள்ளேயே தன் முழு அளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டிவிடும், ஐந்து மாதத்தில் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடும். தோலுக்கு அடியில் இருப்பது நீலம் பாய்ந்த மெத்தென்ற வீக்கமாகத் தாமதமாக வெளிப்பட்டு, 9 முதல் 12 மாதம் வரைகூட வளரும். பிறகு நடுவில் சாம்பல் நிறம் படர்ந்து, தளர்ந்து, சுருங்கத் தொடங்கும். பெரும்பாலானவை நான்கு வயதுக்குள் சுருங்கி முடிந்துவிடும்.

"தானாகப் போய்விடும், காத்திருங்கள்" என்ற அறிவுரை இங்கிருந்துதான் வருகிறது. பாதி உண்மை. சுருங்கும், ஆனால் சுவடில்லாமல் போகும் என்று சொல்ல முடியாது. விளிம்பு செங்குத்தாக எழும்பி, தடித்து வளர்ந்த கட்டி சுருங்கிய பிறகு தொளதொளத்த தோல், கொழுப்பு கலந்த மேடு, மெல்லிய செங்குழாய்க் கோடுகள் ஆகியவற்றை விட்டுச் செல்லும். மூக்கு நுனியிலோ உதட்டிலோ இருந்தால் வடிவமே மாறிப்போகும். இதைத் தடுக்கும் வாய்ப்பு, வளர்ச்சி முடிவதற்கு முன்னால் மட்டும்தான். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி, ஆபத்தான இடத்தில் உள்ள கட்டியை ஒரு மாத வயதிலேயே நிபுணர் பார்க்க வேண்டும் என்கிறது. அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், வளர்ச்சி வேகமாக இருக்கும் வாரங்கள் கடந்துபோயிருக்கும்.

எந்த இடங்கள் ஆபத்தானவை என்பதைக் காரணத்தோடு தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இமையிலோ கண்ணைச் சுற்றியோ இருந்தால் பார்வையை மறைக்கும், கருவிழியை அழுத்தி வளைக்கும். மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிட்டால் பார்வை நிரந்தரமாகக் குறையும். தாடி வளரும் பகுதியில், அதாவது தாடை, மோவாய், கீழுதடு, கழுத்தின் முன்புறம் ஆகிய இடங்களில் பரவியிருந்தால் மூச்சுக்குழலிலும் ஒன்று இருக்கலாம். மூச்சில் கரகரப்போ அழுகையில் கம்மலோ கேட்டால் அன்றே காட்ட வேண்டும். முகத்தில் ஒரு பகுதி முழுவதையும் வரைபடம்போல ஆக்கிரமித்த பெரிய திட்டு என்றால் மூளை ரத்தக்குழாய், இதயம், கண் ஆகியவற்றையும் பரிசோதிப்பார்கள். இடுப்பு, முதுகுத் தண்டின் கீழ்முனையில் இருந்தால் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். டயப்பர் படும் இடம், கழுத்து மடிப்பு, உதடு ஆகியவை உரசலாலும் ஈரத்தாலும் சீக்கிரம் புண்ணாகும் இடங்கள்.

எண்ணிக்கையும் முக்கியம். தலைமுடிக்கு அடியிலிருந்து கால்விரல் இடுக்கு வரை பார்த்து எண்ணுங்கள். ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கல்லீரலை அல்ட்ராசவுண்ட் செய்து பார்ப்பது வழக்கம். கல்லீரலில் நிறைய இருந்தால் இதயத்துக்கு வேலைப்பளு கூடும். இந்தக் கட்டிகள் தைராய்டு ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியையும் சுரப்பதால் தைராய்டு குறைபாடும் வரலாம்.

பிறக்கும்போதே முழு அளவில் இருக்கும் கட்டி வேறு இனம். அதில் ஒரு வகை ஏறக்குறைய ஒரு வயதுக்குள் வேகமாகச் சுருங்கிவிடும், இன்னொரு வகை சுருங்கவே சுருங்காது.

புரோப்ரனலால் கொடுக்கும்போது

2008-ல் பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள், இதயத்துக்காகப் புரோப்ரனலால் என்ற மருந்தைக் கொடுத்த குழந்தையின் ஹெமாஞ்சியோமா வெளுத்துச் சுருங்குவதைக் கவனித்து எழுதினார்கள். அதுவரை ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. இன்று வாய்வழிப் புரோப்ரனலால்தான் முதல் தேர்வு. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடங்கவே கூடாத மருந்து. எழுதிக் கொடுத்த பிறகு தவறு நடப்பது பெரும்பாலும் வீட்டில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வழக்கமான அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 3 மி.கி. குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். முதல் வேளைக்குப் பிறகும் அளவைக் கூட்டும்போதும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பார்கள். 5 கிலோ குழந்தைக்கு நாளைக்கு 10 மி.கி. என்று எழுதியிருந்தால் ஒரு வேளைக்கு 5 மி.கி., இரு வேளை. இதில் பொறி எங்கே என்றால், திரவ மருந்து ஒன்றுக்கு மேற்பட்ட செறிவில் வருகிறது. ஒரு மில்லியில் 4 மி.கி. உள்ள பாட்டிலில் 5 மி.கி. என்பது 1.25 மில்லி. ஒரு மில்லியில் 8 மி.கி. உள்ள பாட்டிலில் அதே 1.25 மில்லியை எடுத்தால் குழந்தைக்கு இரட்டிப்பு மருந்து போய்விடும். புது பாட்டில் வாங்கும் ஒவ்வொரு முறையும் லேபிளில் செறிவைப் படித்து, மில்லிக் கணக்கை மருந்தாளரிடம் சரிபாருங்கள். அளப்பதற்கு வாய்வழி சிரிஞ்ச் மட்டுமே. தேக்கரண்டி வேண்டாம்.

இந்த மருந்தின் பெரிய ஆபத்து ரத்தச் சர்க்கரை குறைவது. அதனால் பால் குடிக்கும்போதோ குடித்தவுடனோ கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது. ஆறு வார வயதுக்குள் இருந்தால் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஆறு வாரம் முதல் நான்கு மாதம் வரை 5 மணி நேரத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பால் போக வேண்டும். குழந்தை நன்றாகத் தூங்குகிறதே என்று இரவுப் பாலைத் தவிர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வாந்தி, வயிற்றுப்போக்கு, பால் மறுப்பு இருந்தால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். மூச்சில் வீசிங் கேட்டாலும் அப்படியே. கொடுத்த வேளையைக் கக்கிவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டாம், அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். சர்க்கரை குறையும்போது வழக்கமாகத் தெரியும் நடுக்கத்தையும் படபடப்பையும் இந்த மருந்தே மறைத்துவிடும். வியர்வை, துவண்ட உடல், எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு. கை கால் கொஞ்சம் சில்லென்று இருப்பதும் தூக்கம் கலைவதும் பொதுவானவை, அவற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

சில நாட்களிலேயே நிறம் மங்கி, கட்டி மெத்தென்று ஆகும். அதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு வயது வரை தொடர்வார்கள். சீக்கிரம் நிறுத்தினால் மறுபடி வளரும் வாய்ப்பு அதிகம். எடை கூடக் கூட அளவைத் திருத்த வேண்டியிருக்கும் என்பதால் ஒவ்வொரு சந்திப்பிலும் எடை பார்ப்பது சம்பிரதாயம் அல்ல.

மெல்லிய, சிறிய, மேற்பரப்புக் கட்டிக்கு 0.5 சதவீத டிமோலால் சொட்டு மருந்தை நாளைக்கு இருமுறை ஒரு சொட்டு தடவச் சொல்வார்கள். கண் மருந்துதானே என்று அலட்சியம் வேண்டாம். புண்ணிலும் உதட்டின் உட்பகுதியிலும் தடவினால் ரத்தத்தில் அதிகமாகக் கலக்கும்.

புண்ணானாலும் ரத்தம் வந்தாலும்

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் கட்டியில் வெளிறிய சாம்பல் திட்டு தெரிந்தால், அது சுருங்குவதன் அறிகுறியாக இல்லாமல் புண்ணாகப் போவதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த வயதில் சுருங்கும் காலம் இன்னும் வரவில்லை. பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகத் தடவி, ஒட்டாத டிரெஸ்ஸிங்கால் மூடி, இரண்டொரு நாளில் காட்டுங்கள். பஞ்சை நேரடியாக வைத்தால் நூல் புண்ணில் ஒட்டி, எடுக்கும்போது மறுபடி கிழியும். மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து, விரலால் இறுக்கமாக 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கடிகாரம் பார்த்து அழுத்துங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பதால்தான் நிற்க வேண்டிய ரத்தம் நிற்காமல் போகிறது. 15 நிமிடத்துக்குப் பிறகும் நிற்காவிட்டால் அழுத்தியபடியே மருத்துவமனைக்குப் போங்கள்.

கட்டி போலத் தெரியும் பிறவித் திட்டுகள்

பிடரியிலும் புருவங்களுக்கு நடுவிலும் இமையிலும் வெளிர் சிவப்பாகத் தட்டையாக இருப்பது சால்மன் திட்டு. மிகச் சாதாரணம். முகத்தில் இருப்பது ஓரிரு வருடத்தில் மங்கும், பிடரியில் இருப்பது முடிக்கு அடியில் அப்படியே தங்கிவிடலாம்.

பிறந்த அன்றே தெளிவான எல்லையோடு, முகத்தின் ஒரு பக்கத்தில் தட்டையான கருஞ்சிவப்புத் திட்டு இருந்தால் அது போர்ட்வைன் திட்டு. இது மறையாது. வயது ஏற ஏற அடர்ந்து தடிக்கவும் செய்யும். நெற்றியிலும் மேலிமையிலும் இருந்தால் கண் அழுத்தத்தையும் மூளையையும் பரிசோதிக்க வேண்டும். குழந்தையின் கண்ணீர் வழிதலும் வெளிச்சத்துக்குக் கூசுதலும் கண் அழுத்தத்தின் அறிகுறிகள். 595 நானோமீட்டர் சாய லேசர் இதற்கான வழக்கமான சிகிச்சை. பல அமர்வுகள் ஆகும், முழுக்க மறையும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

பெரியவர்களுக்கு வருபவை

முப்பது வயதுக்கு மேல் வயிறு, மார்பு, முதுகில் குங்குமப் பொட்டு அளவில் 1 முதல் 5 மி.மீ. வரை பளிச்சென்று வருவது செர்ரி ஆஞ்சியோமா. வயதோடு எண்ணிக்கை கூடும், புற்றாக மாறாது. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அழகுக்காக எடுக்க விரும்பினால் மின்சூடு அல்லது லேசர். உள்ளே ரத்தம் உறைந்தால் திடீரென்று கறுத்துவிடும், அப்போது மெலனோமா என்ற தோல் புற்றிலிருந்து கண்ணால் பிரிக்க முடியாது. அதை டெர்மாஸ்கோப் என்ற தோல் உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும்.

நடுவில் ஒரு செம்புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால்களாகப் பிரியும் மெல்லிய கோடுகள் என்றால் சிலந்தி ஆஞ்சியோமா. பேனா முனையின் மழுங்கிய பக்கத்தால் நடுப்புள்ளியை அழுத்தினால் கால்களெல்லாம் மறையும், எடுத்ததும் நடுவிலிருந்து வெளிநோக்கி நிரம்பும். நடுவில் இருப்பது ஒரு குட்டித் தமனி, மற்றவை அதன் கிளைகள் என்பதே காரணம். குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு வருவது சகஜம். கர்ப்ப காலத்தில் வருபவை பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் மங்கும். இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாத பெரியவருக்குக் கழுத்திலும் மார்பிலும் நிறைய புதிதாகத் தோன்றினால் கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும்.

அதிகம் பயமுறுத்துவது பயோஜெனிக் கிரானுலோமா. பெயரில் சீழ் என்ற பொருள் இருக்கிறது, ஆனால் இதில் சீழும் இல்லை, கிரானுலோமா எனப்படும் அழற்சி முடிச்சும் இல்லை. நுண்குழாய்க் கொத்துதான். விரல், உதடு, முகம், ஈறு ஆகிய இடங்களில் ஓரிரு வாரத்தில் பச்சை மாமிசம்போல முளைத்து, துணி பட்டாலே ரத்தம் கொட்டும். சிறு காயத்துக்குப் பின்னும், கர்ப்பத்திலும், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் போன்ற மருந்துகளாலும் வரலாம். அடியில் காம்பு இருப்பதால் நூல் கட்டி அறுக்கத் தோன்றும். வேண்டாம். ரத்தம் பெருகும், வேர் மிஞ்சினால் மறுபடி முளைக்கும். மரத்துப்போகச் செய்து சுரண்டி, அடிப்பாகத்தை மின்சூட்டால் சுடுவதே வழக்கம். எடுத்ததைக் குப்பையில் போடவிடாமல் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். நிறமியில்லாத மெலனோமா அச்சாக இதைப்போலவே இருக்கும்.

முதியவர்களின் உதட்டிலும் காதிலும் வரும் கருநீலக் குமிழ் சிரைக் குளம். அழுத்தினால் தட்டையாகி, விட்டால் மெல்ல நிரம்பும். விரைப்பையில் கருஞ்சிவப்புப் பொட்டுகளாக வருவது ஆஞ்சியோகெரட்டோமா. நடுவயதில் வந்தால் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் சிறு வயதிலேயே தொப்புளுக்கும் தொடைக்கும் இடையில் கூட்டமாக வந்து, கை கால் எரிச்சலும் வியர்வைக் குறைவும் இருந்தால் ஃபேப்ரி என்ற பரம்பரை நோய்க்குச் சோதிக்க வேண்டும். நகத்தடியில் ஒரே புள்ளியில் உயிர் போகிற வலி, குளிர்ந்த நீர் பட்டால் இன்னும் மோசம் என்றால் அது குளோமஸ் கட்டியாக இருக்கலாம். சிறியதுதான், அறுவையில் முழுதாக எடுத்தால் வலி போய்விடும்.

தள்ளிப்போடக் கூடாதவை

குழந்தையின் கட்டி திடீரென்று வீங்கி, கல்போல இறுகி, ஊதாவாகி, சுற்றிலும் ரத்தக்கட்டு பரவினால், கட்டிக்குள் பிளேட்லெட் சிக்கி ரத்தம் உறையும் தன்மை குறைந்துகொண்டிருக்கலாம். அது சாதாரண ஹெமாஞ்சியோமாவில் நடக்காது, வேறு வகைக் கட்டிகளில் நடக்கும். அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும். முதியவரின் தலையிலோ முகத்திலோ அடிபடாமலே ரத்தக்கட்டு போலத் தோன்றி வாரக்கணக்கில் விரிந்துகொண்டே போகும் திட்டுக்குப் பயாப்ஸி தேவை, ஆஞ்சியோசர்கோமா என்ற புற்று இப்படித்தான் தொடங்கும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு ஊதாத் திட்டுகள் பல இடங்களில் வந்தாலும் அப்படியே. கைவைத்தால் சூடாகவும் நாடி துடிப்பது போலவும் இருக்கும் வீக்கத்தில், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் ஊசி குத்தவோ கத்தி வைக்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். தமனியும் சிரையும் நேரடியாக இணைந்திருந்தால் அங்கே ரத்தத்தை நிறுத்துவது மிகக் கடினம்.